வைகைக்கும் பொருநைக்கும் நடுவே செம்பு உண்டா?

பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்த அலெக்சாண்டர் ரே, 1915-இல் வெளியான தம் பட்டியலில் அங்கே கிடைத்த வெண்கலக் கலங்களையும் விலங்குருவம் வைத்த மூடிகளையும் பதிந்து வைத்தார். வடக்கே, வைகைக் கரையில் கீழடியிலும் செம்புப் பொருட்கள் வெளிவந்தன. இவ்விரு ஊர்களுக்கும் நடுவே கிடக்கிறது நரிக்குடி வட்டாரம்: குண்டாற்றுப் படுகை, கண்மாய்கள், கரிசல், வானம் பார்த்த நிலம். அந்தச் செம்பில் ஒரு பங்காவது இந்த மண்ணிலிருந்து போயிருக்குமா? இந்தக் கேள்வியோடுதான் பழைய நிலவியல் ஏடுகளைத் திறந்தேன்.

முதலில் ஊரைத் தேடும் முறையே மாற வேண்டியிருந்தது. விருதுநகர் மாவட்டம் 1985-இல் வந்தது. 1910-க்கு முந்திய ஏடுகளில் திருச்சுழியும் நரிக்குடியும் மதுரை ஜில்லாவின் இராமநாதபுரம் ஜமீனுக்குள் இருக்கும். அதற்குரிய நிலவியல் ஏடு, ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883-இல் வெளியிட்ட மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல். பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்தவரும் அவரே. அவருடையது பரந்த நிலப்பரப்பைப் பாறை வகை வாரியாகப் பிரித்துக் காட்டும் ஏடு. கரிசலும் வண்டலும் மூடிய இடத்தில், கீழே இருக்கும் பாறையை எந்த அளவையாளரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஆகவே இத்தகைய ஏட்டில் ஒரு தாது குறிக்கப்படாததை, அது அங்கே இல்லை என்பதற்குச் சான்றாக நான் கொள்ளவில்லை.

அடுத்துப் பாறையையே கேட்டேன். செம்புத் தாது பல இடங்களில் நரம்பாக ஓடும். பூமியின் மேலோட்டில் விழுந்த வெடிப்புகளில் கொதிநீர் ஏறி, குளிர்ந்து, தான் கரைத்து வந்ததை அங்கே படியவிடுவதால் உண்டாகும் பட்டையைத்தான் தாது நரம்பு என்கிறோம். மதுரைப் பகுதியின் சார்னோக்கைட்டும் நைசும் வேறு வகை. மிக ஆழத்தில், சில இடங்களில் 900 டிகிரியையும் தாண்டிய வெப்பத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறிய பாறைகள் அவை. அத்தனை வெப்பத்தில் நீர் பிழிந்து வெளியேறிவிடும். எனவே இங்கே செம்பு நரம்பு அமைய வழியில்லை என்று சொல்லத் தோன்றும்.

அந்த வாதம் மாமண்டூரில் உடைகிறது. பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூரிலும் அதே தரத்தில் உருமாறிய பாறைகள்தாம். அவற்றுக்குள் செம்பு, ஈயம், துத்தநாகத் தாதுக்கள் சேர்ந்தே இருக்கின்றன. மொத்தம் சுமார் 8 லட்சம் டன். அதிலும் துத்தநாகமே மிகுதி. சிறிய படிவம்தான், ஆனால் தமிழ்நாட்டின் செம்பு இருப்பு என்று கணக்கில் வருவது இதுதான். இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையில் 1971-இல் கண்டறியப்பட்ட படிவமும் உயர்வெப்பப் பாறைகளுக்கு நடுவேதான் இருக்கிறது. அங்கே காந்தக்கல்லோடு கலந்து கிடக்கிறது சால்கோபைரைட்: செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பித்தளை நிறத் தாது. ஆகப் பாறையின் வெப்பத்தை வைத்து மட்டும் நரிக்குடியை ஒதுக்க முடியாது.

சேருவிலையைப் பற்றி இன்னொரு செய்தி என்னை நெடுநேரம் நிறுத்தியது. பழங்காலத்தில் அங்கிருந்து தென்தமிழகத்துக்குச் செம்பு வந்திருக்கலாம் என்று இலங்கைத் தொல்லியலாளர் சுதர்சன் செனவிரத்ன 1990-களில் எழுதினார். கடல்வழியை நினைத்தால் நம்பத்தக்க கருத்து. ஆனால் வழி இருந்தது என்பதாலேயே சரக்கு வந்தது என்று ஆகிவிடாது. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளுஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், முசிறிப் பக்கத்துத் துறைகளில் இறங்கிய சரக்குகளில் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் சேர்க்கிறது. அந்தக் காலத்துச் செம்புக்கு மேற்குக் கடலும் ஒரு வாசல். ஆதிச்சநல்லூரின் பழைய தாழிகளோ அதற்கும் முந்தியவை. அவற்றுக்கு இந்தச் சான்று உதவாது.

வேதியியல் தீர்த்துவைக்காதா என்று கேட்கலாம். தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்திய உலோகத் திருமேனிகளில் ஈய ஐசோடோப்பு விகிதத்தை அளந்து 1999-இல் வெளியிட்டார். ஒரு தாதுவில் உள்ள ஈய அணுக்களின் எடை வகைகள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்த்து, அது பிறந்த இடத்தை ஊகிக்கும் முறை இது. சிக்கலும் அதிலேயே இருக்கிறது. வார்ப்பின்போது தனியாக ஈயம் சேர்த்திருந்தால், அளவீடு சொல்வது அந்த ஈயத்தின் ஊரை. செம்பின் ஊரை அல்ல. பழைய பாத்திரங்களை உருக்கி மறுபடி வார்த்திருந்தால் இரண்டு ஊர்கள் ஒன்றாகக் குழம்பிவிடும். இடைக்காலத் திருமேனிகளின் செம்புக்குக் கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் மூன்றிலும் மூலங்கள் இருந்திருக்கக்கூடும் என்ற அளவிலேயே அவருடைய பிந்திய கட்டுரையும் நிற்கிறது. அந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மிஞ்சுவது நிலத்தில் கிடக்கும் சான்று. ஆந்திரத்தின் அக்னிகுண்டாலாச் செம்பைப் பற்றி பெஞ்சமின் ஹைன் 1814-இல் அச்சான தம் நூலிலேயே எழுதியிருந்தார். அதே வட்டாரத்தில் இருபதாம் நூற்றாண்டு நிலவியலாளர்கள் மறுபடி துளையிட்டுப் பார்த்தார்கள். நாட்டின் பல செம்பு வயல்களில் பழைய குழிகளும் சிட்டக் குவியல்களுமே புதிய தேடலுக்கு வழிகாட்டின. சிட்டம் என்பது தாதுவை உருக்கியபின் மிஞ்சும் கண்ணாடி போன்ற கசடு. தமிழ்நாட்டில் இரும்புச் சிட்டம் பல இடங்களில் கிடைக்கிறது. செம்புச் சிட்டமும் கறுப்புத்தான். ஆனால் ஏற்கெனவே உடைந்திருக்கும் முகத்தில் பச்சைப் பூப்போ, சிறு செம்பு மணியோ தெரியக்கூடும்.

இப்போதைக்கு என் தீர்ப்பு இது: நரிக்குடி மண்ணில் செம்பு எடுத்ததற்கு என் கையில் சான்று ஒன்றும் இல்லை, இங்கே புழங்கிய செம்பு வெளியிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம், ஒரே ஊரிலிருந்து வந்தது என்று சொல்ல இடமில்லை. நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் கிணறு வெட்டும்போதோ உழும்போதோ பச்சை படிந்த கறுப்புக் கட்டி கிடைத்தால், அதை உடைக்காமலும் கழுவாமலும் எடுத்துவைத்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.