தூக்கமூட்டும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளும் பயணக் குமட்டலும்: டிராமமின் வரலாறு

கடற்பயணக் குமட்டல் நெடுங்காலம் பயணிகளின் தனிப்பட்ட துன்பமாகவே கருதப்பட்டது. இரண்டாம் உலகப் போர் அதனைப் படைத்துறைச் சிக்கலாக்கியது. படகில் வாந்தியெடுத்துச் சோர்ந்த வீரன் கரையிறங்கியவுடன் போரிட இயலாது. எனவே 1944ஆம் ஆண்டின் நார்மண்டித் தரையிறக்கத்தின்போது வீரர்களுக்கு ஹயோசின் மாத்திரைகள் வழங்கப்பெற்றன. ஊமத்தை முதலிய செடிகளில் உள்ள இவ்வேதிப்பொருள் குமட்டலைத் தடுத்தது. நாவறட்சியையும் பார்வை மங்கலையும் உடன் கொணர்ந்தது. இதற்கு மாற்றான மருந்து படைத்துறை ஆய்வகத்திலிருந்து வரவில்லை. ஒவ்வாமை நோய்ப் பிரிவு ஒன்றிலிருந்தே வந்தது.

ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் சேர்மத்தை 1937இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் தானியேல் பொவேயும் ஆன்-மரி ஸ்டாபும் கண்டறிந்தனர். அது மனிதருக்குத் தரத்தக்கதாக இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ரீவ்ஷல் உருவாக்கிய டைபென்ஹைட்ரமின், 1946இல் பெனட்ரில் என்னும் பெயரில் மருத்துவர்களின் கைக்கு வந்தது. அதன் பெருங்குறை தூக்கம். இக்குறையைப் போக்கக் கருதிய சர்ல் நிறுவனம், காபியிலுள்ள காபினுக்கு உறவான தியோபிலினின் குளோரின் வழிப்பொருளை அதனுடன் சேர்த்தது. அவ்வாறு பிறந்ததே டைமென்ஹைட்ரினேட். விற்பனைப் பெயர் டிராமமின். ஒவ்வாமைக்கு அது பயன்படுமா எனச் சோதிக்கும் பணி, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லெஸ்லி கே, பால் கார்லினர் ஆகியோரிடம் வந்தது.

1947இல் காணாக்கடித் தடிப்புக்காக அங்கு மருத்துவம் பெற்ற கருவுற்ற பெண் ஒருவர், டிராம் வண்டியில் வரும்போதெல்லாம் தமக்கு நேரும் குமட்டல் இம்மருந்தை உண்ட நாள்களில் நேரவில்லை எனத் தெரிவித்தார். இந்நிகழ்வைத் ‘தற்செயல் கண்டுபிடிப்பு’ எனக் குறிப்பது வழக்கம். அவ்வழக்கு முழுமையானதன்று. தடிப்புக்கு வந்தவர் டிராம் பயணத்தைப் பற்றிக் கூறியதை மருத்துவர்கள் புறந்தள்ளியிருக்கலாம். அவர்கள் அவருக்கு மருந்துக்கு மாற்றாக மருந்துப்போலியைக் கொடுத்தனர்; குமட்டல் திரும்பியது. மீண்டும் மருந்தைக் கொடுத்தபோது நின்றது. கவனித்துச் சொன்னவர் நோயாளி. சொன்னதைச் சோதனையாக்கியவர்கள் மருத்துவர்கள். முன்னவரின் பெயரை மருத்துவ வரலாறு பதிவு செய்யவில்லை.

அடுத்த கட்டச் சோதனைக்கு அமெரிக்கத் தரைப்படை இடமளித்தது. 1948 நவம்பர் இறுதியில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனியின் பிரமர்ஹாவன் துறைமுகத்திற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் ‘ஜெனரல் பல்லூ’ என்னும் கப்பல் புறப்பட்டது. குளிர்கால அட்லாண்டிக் கடல் சோதனைக்கு ஏற்றவாறு கொந்தளித்தது. ஒரு சாராருக்கு மருந்தும் மற்றொரு சாராருக்கு மருந்துப்போலியும் தரப்பட்டன. மருந்து உண்டோரில் குமட்டலுற்றோர் மிகச் சிலரே. மருந்துப்போலி உண்டு நோயுற்றோருக்குப் பின்னர் டிராமமின் கொடுக்கப்பட்டபோது பெரும்பாலோர் விரைவில் தேறினர். 1949இல் முடிவுகள் வெளியாயின.

இங்கு எழும் வினா ஒன்றுண்டு: குமட்டலைத் தடுத்தது மருந்தா, அது தந்த தூக்கமா? தூங்குபவனுக்குக் குமட்டல் குறைவு என்பது பயணிகள் அறிந்ததே. எனினும் பயணக் குமட்டலின் ஊற்று உட்செவியின் சமநிலை உறுப்பாகும். காது கேளாதோர் பலருக்குத் தலைச்சுற்றல் உண்டாவதில்லை என வில்லியம் ஜேம்ஸ் 1882இலேயே எடுத்துரைத்தார். உட்செவியும் கண்ணும் தரும் செய்திகள் முரண்படுகையில் மூளைத்தண்டின் சமநிலை மையங்கள் வாந்தியைத் தூண்டுகின்றன. பழைய ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைக் கடந்து அம்மையங்களில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் ஆகிய இரண்டின் செயலையும் மறிக்கின்றன. தூக்கமும் அதே நுழைவின் விளைவே. மூளைக்குள் அரிதாகவே புகும் பெக்சோபெனடின் போன்ற பிற்கால மருந்துகள் தூக்கம் தருவதில்லை. பயணக் குமட்டலையும் தடுப்பதில்லை. ஆகவே தூக்கத்தைக் காரணமாகக் கொள்வதினும் உடன்விளைவாகக் கொள்வதே பொருந்தும்.

சர்ல் நிறுவனம் சேர்த்த தியோபிலின் வழிப்பொருள் தூக்கத்தை முற்றிலும் நீக்கவில்லை. புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு உண்ணவேண்டிய இம்மாத்திரையுடன், வண்டி ஓட்டலாகாது என்னும் எச்சரிக்கையும் நிலைத்துவிட்டது. குமட்டல் தொடங்கியபின் இரைப்பை இயக்கம் மந்தமாவதால் மாத்திரை பயன் தருவது அரிது. முன்னரே உண்ணும் விதி இதனால் வந்தது.

அத்தூக்கத்தையே வேண்டி நின்றவர்களும் இருந்தனர். பிரான்சில் இதே மருந்தினத்தைச் சேர்ந்த புரோமெதசினை அறுவை நோயாளிகளை அமைதிப்படுத்த ஆன்ரி லபோரி பயன்படுத்தினார். அவ்வழியில் தேடப்பட்ட குளோர்புரோமசின் 1952இல் பாரிசின் மனநல மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது.