பசாது: சுருங்கிப்போன ஒரு சொல்

எங்கட ஊரில் பசாது என்றால் கோள்மூட்டல். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகிறவள் பசாதுக்காரி. "பித்னா பசாதுக்குப் போகாத மனே" என்று மூத்தம்மா சொல்லுவா. பெண்களின் வாயோடு ஒட்டிய சொல்லாகவே அதைக் கேட்டு வளர்ந்தேன்.

அரபில் அது ஃபஸாத். பால் திரிந்தாலும் இறைச்சி பழுதானாலும் இந்த வேரிலிருந்து வரும் வினையைத்தான் சொல்வார்கள். ஒரு பொருள் தன் சமநிலையிலிருந்து கொஞ்சமோ கூடவோ விலகுவதே ஃபஸாத் என்கிறார் 'முஃப்ரதாத்' எழுதிய ராகிப் அல்-இஸ்ஃபஹானி. எதிர்ச்சொல் ஸலாஹ், சீர். ஆகவே, முன்பு சீராயிருந்த ஒன்றுதான் கெட்டது என்ற நினைப்பு சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

குர்ஆனில் இச்சொல் வரும் இடங்களைப் பார்த்தால் அது கோளைவிட எவ்வளவு பெரியது என்று தெரியும். மத்யன் மக்களிடம் ஷுஐப் (அலை) அளவையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுக்கச் சொன்ன கையோடு, சீரான பூமியில் ஃபஸாத் செய்யாதீர்கள் என்கிறார் (7:85). பயிரையும் சந்ததியையும் அழிப்பவனைப் பற்றிய வசனத்திலும் (2:205), அநாதைகளின் விவகாரத்தைச் சொல்லுமிடத்திலும் (2:220) இதே வேர்தான். தராசு, வயல், அநாதையின் சொத்து. கோளுக்கு அரபில் நமீமா என்று தனிச்சொல்லே இருக்கிறது.

மற்ற மொழிகளில் இது வேறு வழிகளில் போயிருக்கிறது. உருதுவில் கலவரம். சுவாஹிலியில் 'உஃபிஸாதி' என்றால் ஊழல். இன்றைய அரபுப் பத்திரிகைகளிலும் அப்படியே. எங்கள் பேச்சில் அது அடுப்பங்கரைக்குள் ஒதுங்கியது. நிறுவையில் களவு செய்யும் கடைக்காரரை யாரும் பசாதுக்காரர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சொல் சுருங்கியதால் வந்த வினையை ஒருமுறை கண்ணால் கண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஊர்க் கூட்டத்தில், வக்பு காணியின் குத்தகைக் கணக்கை வாசிக்கச் சொல்லி ஒருவர் எழும்பினார். "பசாது கிளப்ப வந்திரிக்கான்" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், மனிசன் இருந்துவிட்டார். நானும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு முஸ்ஹபை எடுத்து 40ஆவது ஸூராவைப் புரட்டினேன். 26ஆவது வசனத்தில் ஒருவன் இன்னொருவரைக் காட்டி, இவர் பூமியில் ஃபஸாதை உண்டாக்கிவிடுவார் என்று அஞ்சுவதாகச் சொல்கிறான். சொல்கிறவன் பிர்அவ்ன். சுட்டப்படுகிறவர் மூஸா (அலை).

குத்தகைக் கணக்கு இன்னும் வாசிக்கப்படவில்லை.