லிங்கன் சொன்னதும் சொன்ன காலமும்

அமெரிக்க ஜனாதிபதி ஆப்ரகாம் லிங்கனின் பொன்மொழி ஒன்றேனும் ஒலிக்காமல் நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டி முடிவதில்லை. 1863 நவம்பர் 19ஆம் நாள் கெட்டிஸ்பர்க் போர்க்களத்து இடுகாட்டில் மக்களாட்சிக்கு அவர் தந்த இலக்கணத்தை அறியாத மாணவர் அரியர். அது அவர் வாக்கே. அவர் கைப்பட எழுதிய ஐந்து படிகள் இன்றும் உள்ளன. ஆனால் அவர் பெயரால் வழங்குவன எல்லாம் அவர் வாக்கல்ல. வலியோரைத் தளர்த்தி எளியோரை உயர்த்த இயலாது என்னும் மொழி, 1916ஆம் ஆண்டளவில் வில்லியம் போட்கர் என்ற சமயபோதகர் வெளியிட்டது. அப்போது லிங்கன் மறைந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் மகனின் தலைமையாசிரியருக்கு அவர் வரைந்ததாக ஒரு கடிதம் நம் பள்ளிச் சுவர்களை அணிசெய்கின்றதே, அதுவும் 1953இல் ராய் பாஸ்லர் பதிப்பித்த லிங்கன் எழுத்துத் தொகுதிகளில் இல்லை. தலைமையாசிரியனாக இருந்தவன் நான். அக்கடிதம் உண்மையாக இருந்தால் மகிழ்ந்திருப்பேன்!

போலி மொழிகளைக் களைவது எளிது. மெய்யான மொழிகளைப் படிப்பதே கடினம்.

அடிமை முறை தவறு என்பதில் லிங்கன் ஐயுற்றவர் அல்லர். ஆயினும் தென் மாநிலங்களில் வேரூன்றிவிட்ட அதனை அகற்ற மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்றே அவர் கருதினார். புதிய பிரதேசங்களுக்கு அது பரவலாகாது என்பதே அவர் கட்சி. அவ்வாறு பரவ வழிசெய்த 1854ஆம் ஆண்டுச் சட்டமே, வழக்கறிஞராக ஒதுங்கியிருந்த அவரை மீண்டும் அரசியலுக்கு இழுத்தது.

1858இல் செனட் பதவிக்காக ஸ்டீபன் டக்ளஸ் என்பாரை எதிர்த்து இல்லினாய் மாநிலத்தில் ஏழு இடங்களில் அவர் சொற்போர் புரிந்தார். ஆகஸ்டு 21இல் ஒட்டாவா நகரில், தன் கையால் உழைத்து ஈட்டிய உணவை உண்ணும் உரிமையில் கறுப்பின மனிதன் தமக்கும் டக்ளஸுக்கும் நிகரானவன் என்றார். நான்கு வாரங்களில், செப்டம்பர் 18இல், அதே மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் என்ன கூறினார் தெரியுமா? கறுப்பினத்தார்க்கு வாக்குரிமை அளிப்பதையோ, ஜூரிகளாக அமர்த்துவதையோ, அவர்கள் வெள்ளையரோடு மணஉறவு கொள்வதையோ தாம் ஆதரித்ததே இல்லை என்றார். வாக்குப் பெறுவதற்காக அவ்வாறு பேசினார் என்று சமாதானம் சொல்வோர் உளர். எனக்கு அது போதவில்லை. நம் மாணவர்கள் இந்தப் பேச்சையும் படித்தல் வேண்டும். மறைத்து வைத்துப் போற்றுவது வரலாறாகாது.

இனி, மிகுதியும் திரித்துக் காட்டப்படும் ஒரு கடிதத்தைக் காண்போம். உள்நாட்டுப் போரின் இரண்டாம் ஆண்டில், அடிமைகளை விடுவிக்கத் தயங்குவதேன் என்று ஹொரேஸ் கிரீலி என்னும் பத்திரிகாசிரியர் அவரைக் கடிந்தெழுதினார். லிங்கன் 1862 ஆகஸ்டு 22இல் விடையிறுத்தார். ஐக்கியத்தைக் காப்பதே தம் நோக்கம். ஓர் அடிமையையும் விடுவிக்காமல் அது கூடுமாயின் அவ்வாறே செய்வேன். அனைவரையும் விடுவித்துத்தான் கூடுமெனில் அதையும் செய்வேன் என்பது அதன் கருத்து. இதைக் காட்டி, அடிமைகள்மீது அவருக்கு இரக்கமே இல்லை என்று தீர்ப்புக் கூறுவர் சிலர். இவர்கள் கடிதத்தின் முடிவைப் படிப்பதில்லை. தாம் கூறியது பதவியின் கடமை பற்றியது என்றும், எங்குமுள்ள மாந்தர் யாவரும் விடுதலை பெற வேண்டுமென்ற தம் சொந்த விருப்பம் மாறவில்லை என்றும் அங்கே எழுதியிருக்கின்றார்.

தேதியையும் பாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னதாக, ஜூலை 22ஆம் நாளே, விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அவர் அமைச்சர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டார். தோல்விகளுக்கிடையே வெளியிட்டால் அது கதியற்றவர் கூக்குரலாகத் தோன்றும், ஒரு வெற்றி வரட்டும் என்றார் அமைச்சர் சூவர்டு. செப்டம்பர் 17இல் ஆன்டீட்டம் போர் நிகழ்ந்தது. ஐந்தாம் நாள் முன்னறிவிப்பு வந்தது. 1863 ஜனவரி முதல் நாள் பிரகடனம் நடப்புக்கு வந்தது. ஆகவே கிரீலிக்கு எழுதியவர், முடிவு செய்துவிட்டு, தயங்கி நின்ற வடநாட்டாரை அதற்குப் பக்குவப்படுத்திக்கொண்டிருந்தார் என்று கொள்வதே பொருத்தம். பிரகடனம் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே செல்லும். ஐக்கியத்தில் நிலைத்த எல்லை மாநிலத்து அடிமைகளை அது தொடவில்லை. அக்குறையை நீக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியிருந்தது. 1865 ஜனவரி 31இல் கீழ்ச்சபை அதனை ஏற்றது.

இடையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் ஐக்கியப் படையில் சேர்ந்து போரிட்டனர். சார்ல்ஸ்டனில் பேசிய மனிதரை மாற்றியவற்றுள் இதனையே நான் முதன்மையாகக் கொள்வேன். 1865 ஏப்ரல் 11 இரவு, வெள்ளை மாளிகைப் பலகணியில் நின்று, கறுப்பினத்தாருள் கல்வியறிவு மிக்கோர்க்கும் படைவீரராய்த் தொண்டாற்றியோர்க்கும் வாக்குரிமை வழங்குவதைத் தாம் விரும்புவதாக அவர் கூறினார். ஏழாண்டுக்கு முன் மறுத்ததை, ஒரு பகுதியினர்க்கேனும், இப்போது வெளிப்படையாக வேண்டினார்.

கீழே நின்று கேட்டோருள் ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகனும் ஒருவன். இதுவே அவரது கடைசிப் பேச்சு என்று அவன் சூளுரைத்ததாகக் கூறுவர். ஏப்ரல் 14 இரவு ஃபோர்டு நாடக அரங்கில் லிங்கனைச் சுட்டவன் அவனே. மறுநாள் காலை லிங்கன் உயிர் நீத்தார். நிறம் காரணமாக வாக்குரிமையை மறுத்தல் கூடாது என்னும் திருத்தம் 1870இல் நிறைவேறியது.