நிறம் எங்கே இருந்தது?

பழைய வீட்டுக் கணினி ஒன்றைக் காப்பாற்றிவிட்டதாக மகிழ்வோரிடம் நான் கேட்கும் முதற்கேள்வி: அதனோடு இணைந்திருந்த வண்ணத் திரை எங்கே? 1970, 80-களின் கணினிகள் பலவற்றில் நிறம் பெட்டிக்குள்ளேயே முழுமை பெற்ற பொருள் அன்று. கணினியும் திரையும் கூடி உருவாக்கியது.

1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2-ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த அக்கணினியின் உயர் தெளிவுப் படமுறையில், இரட்டைப்படை இடத்தில் தனித்து எரியும் புள்ளி ஊதாவாகத் தெரியும்; ஒற்றைப்படை இடத்தில் எரிவது பச்சையாகத் தெரியும்; அடுத்தடுத்து இரண்டு எரிந்தால் வெள்ளை. அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சியில் நிறச் செய்தியைச் சுமக்கும் அலை ஏறத்தாழ 3.58 மெகாஹெர்ட்ஸ். புள்ளிகள் அவ்வலையோடு தாளம் பிசகாமல் வந்ததால், திரை அவற்றை நிறமாகப் படித்துக்கொண்டது.

தமிழருக்கு இது புதிரன்று. ‘கல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலியோ வேறு. எழுத்து நிற்கும் இடம் ஒலியைத் தீர்மானிக்கிறது. ஆனால் அதை ஒலிக்கத் தமிழறிந்த வாய் வேண்டும். ஆப்பிள் 2-க்கு அந்த வாய் என்டிஎஸ்சி திரை. பால் முறை வழங்கிய ஐரோப்பாவில் நிற அலை 4.43 மெகாஹெர்ட்ஸ், அங்கு தாளம் பொருந்தவில்லை. ஐரோப்பியப் பதிப்பில் வண்ணம் காணத் தனி அட்டை தேவைப்பட்டது.

1981-இல் வந்த பிரிட்டனின் பிபிசி மைக்ரோ வேறு வழியில் சென்றது. அதன் ஆறு முனைச் செருகியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் வந்தன. ஒவ்வொன்றும் எரியும் அல்லது அணையும். ஆகவே எட்டு நிறங்கள். அதே பெட்டியின் கூட்டு வீடியோ செருகியோ, உள்ளே ஓர் இணைப்பை மாற்றாதவரை, சாம்பல் சாயல்களையே தந்தது. 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின்வழி இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் இக்கணினியே. ஒரே நிரல் வண்ணமாகவும் சாம்பலாகவும் தோன்றக்கூடும். கம்பி எந்தச் செருகியில் இருந்தது என்பதே வேறுபாடு.

இன்று இவற்றை நேரே புதிய திரையில் இணைப்பது எளிதன்று. பிபிசி மைக்ரோ நொடிக்கு 15,625 வரிகளை அனுப்புகிறது. விஜிஏ திரை எதிர்பார்ப்பது ஏறத்தாழ இருமடங்கு. இடையில் மாற்றி வைக்கிறோம். அது நிற அலையைப் புறக்கணித்தால், ஆப்பிள் 2-இன் ஊதாவும் பச்சையும் வெறும் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக நிற்கும். அதைப் படமெடுத்து ‘அக்கால விளையாட்டு இப்படித்தான் இருந்தது’ என்று எழுதினால், அது வரலாற்றுப் பிழை. கருவி பழுதின்றி இருப்பதாலேயே அப்பிழையை எவரும் ஐயுறமாட்டார்.

எனவே ஆவணப்படுத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: கணினியின் பெயரோடு நில்லாமல், எந்தச் செருகி, எந்தக் கம்பி, எந்தத் திரை என்பவற்றையும் குறித்து வையுங்கள். கனமான அந்தக் கண்ணாடிக் குழாய்த் திரையை இடம் போதவில்லை என்று பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும்போது, நிறத்தின் பாதியையும் சேர்த்தே அனுப்புகிறோம்.