சோளகத்தில் ஓர் ஊர், வாடையில் ஓர் ஊர்

அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்பிய ஒரு பையன் ஒருநாள் காலை என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. இரவு பஸ் ஏறி அம்பாறைப் பக்கம் போய், இரண்டு நாள் தங்கி, தன் பூட்டனாரின் பெயரைச் சொல்லி வீடு வீடாகக் கேட்டிருக்கிறான். யாருக்கும் தெரியவில்லை. கையில் ஒரு பழைய காணி உறுதி. அதில் பூட்டனாரின் இருப்பிடம் அக்கரைப்பற்று என்று தெளிவாகத்தான் இருந்தது. நான் அவனை எழுப்பி, களப்புக் கரை வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனேன். தண்ணீருக்கு அப்பால் கோடு இழுத்தது போலத் தெரிந்த கரையைக் காட்டி, "தம்பி, அந்தா தெரியுதே அக்கரை, அதுதான்" என்றேன்.

புத்தளத்தில் நின்று பார்ப்பவருக்குக் களப்பின் மறுபக்கம் அக்கரை. அந்த வாய்ப்பேச்சே பழைய நிர்வாகத்தில் ஒரு பற்றின் பெயராகவும் ஏறிவிட்டது. இன்று அந்த நிலமெல்லாம் கற்பிட்டி என்ற பெயருக்குள் அடங்கிப் போக, கிழக்கு மாகாணத்து அக்கரைப்பற்று மட்டும் பத்திரிகையிலும் தேர்தலிலும் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது. பையனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் தேடி வந்தது கரைதீவாக இருந்திருந்தால் இன்னும் மோசம்: புத்தளத்தில் ஒன்று, அம்பாறையில் ஒன்று, காரைநகர் என்று பெயர் மாற முன் யாழ்ப்பாணத்தில் ஒன்று.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறந்தது கற்பிட்டியில், தொழில் புத்தளத்தில். பிறப்பு, விவாகம், மரணம் என்று மனுசருடைய மூன்று கடதாசிகளையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றி முத்திரை குத்திக் கொடுத்தே முப்பது வருடம் போய்விட்டது. அடுத்தவர் பூட்டன் பூட்டியை இவ்வளவு காலம் தேடிக் கொடுத்தவள் என் சொந்த அம்மம்மாவைத் தேடப் போனது, அக்காவின் மகள் கார்டிஃபிலிருந்து போன் எடுத்த பிறகுதான்.

அவள் கட்டியது ஒரு வேல்ஸ்காரரை. குழந்தை பிறந்ததும் இரண்டு பக்கத்து முன்னோரையும் எழுதி வைக்க வேண்டும் என்று புருசனும் பெண்சாதியும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் பக்கம் சுலபமாக முடியும் என்று நினைத்தாளாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837இலிருந்தே பிறப்புப் பதிவு இருக்கிறதே! ஆனால் அவருடைய பூட்டனார் பிறந்தது மொன்மத்ஷயர். அந்த மாவட்டம் இங்கிலாந்தா வேல்சா என்பது 1536ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இழுபறியாகவே கிடந்து, 1974இல்தான் வேல்ஸ் என்று தீர்ந்திருக்கிறது. தீர்ந்த அன்றே பெயரும் குவென்ட் என்று மாறிவிட்டது. பதின்மூன்று பழைய மாவட்டங்கள் 1974இல் எட்டாகி, 1996இல் இருபத்திரண்டு துண்டாகின. பதிவுப் பிரிவுகளோ மாவட்ட எல்லையை மதிக்காமல் இரண்டு பக்கமும் கால் போட்டுக்கொண்டு கிடந்தவை. ஊரைப் பிடிக்கலாம் என்றால் ஊருக்கு ஊர் லான்ஃபேர். மரியாள் கோயில் என்று பொருளாம். நம்மட பக்கத்தில் மாதா கோயிலடி எது என்று கேட்பது மாதிரி.

"சின்னம்மா, இவங்களுக்கும் முந்தி குடும்பப் பெயரே இல்லையாம். தகப்பன்ட பெயரைத்தான் போடுவாங்களாம்" என்றாள். ஹவலின் மகன் என்பதற்கு 'ஆப் ஹவல்' என்பார்களாம், அதுதான் தேய்ந்து பவல் ஆனதாம். ஆப் ரீஸ் பிரைஸ் ஆகியிருக்கிறது, ஆப் எவன் பெவன் ஆகியிருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தூக்கிக்கொண்டு திரியும் தமிழச்சிக்கு அதில் என்ன அதிசயம்?

இன்னொன்றும் அவளுக்குச் சொன்னேன். போர்த்துக்கேயர் நம்மட கற்பிட்டியை எழுதி வைத்த பெயர் கார்டிவா. ஒல்லாந்தர் அதைக் கல்பென்டைன் ஆக்கிக் கோட்டை கட்டினார்கள். நீ கார்டிவாவில் இருந்து கார்டிஃபுக்குப் போனவள், தூரம் ஒன்றுமில்லை என்றேன். பகிடிதான். ஆனால் கற்பிட்டி, கல்பிட்டிய, கல்பென்டைன், கார்டிவா நாலும் ஒரே மணல் என்று தெரியாத ஒருவர் பழைய கடதாசியை விரித்தால் நாலு ஊர் தேடுவார். சிலாபத்தின் சிங்களப் பெயர் ஹலாவத்த. இரண்டும் ஒன்று என்று ரயில் பெட்டியில் இருந்து பலகையைப் பார்த்தவனுக்குத் தெரியும். இங்கே காலடி வைக்காத பேரப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? 1344இல் இப்னு பதூதா வந்து இறங்கிய பத்தாலாவைப் புத்தளம் என்று அடையாளம் கண்டவர்களும் காதை நம்பித்தான் கண்டார்கள்.

இந்தக் கரையில் ஊர்ப் பெயர் மாறுவதற்கு ஒரு போக்கு உண்டு. முப்பது வருடத்தில் அது என் கைப்பழக்கமாகிவிட்டது. தமிழ்ப் பெயரின் வாலில் சிங்களம் ஓர் ஒலியைச் சேர்க்கும். உடப்பு உடப்புவ ஆகும். தொடுவாய் தொடுவாவ ஆகும். வண்ணாத்திவில்லு வனாத்தவில்லுவ. கண்டக்குழி கண்டக்குளிய. இதுவரை சேதமில்லை, வாலை வெட்டினால் ஊர் வந்துவிடும். சேதம் திரும்பி வரும்போதுதான். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகிறபோது ழகரம் போகிறது. ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு, பிறகு சிங்களத்திலிருந்து மறுபடி தமிழுக்கு வருகிறபோது குழி குளி ஆகி, பள்ளமான ஊர் குளிக்கிற ஊராகிவிடுகிறது. சொந்தப் பிள்ளை வெளிநாடு போய் வேறு பெயரோடு வீட்டுக்கு வந்தது மாதிரி. 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னால் வந்த பத்திரங்களை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது எழுதுவினைஞர் எந்த மொழிக்காரர் என்பதைத்தான்.

ஊர்ப் பெயர்களை முதலில் ஒழுங்காகக் கோத்து வைத்தவரும் கற்பிட்டியில் பிறந்தவர்தான். சைமன் காசிச்செட்டி, 1807இல் பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர், 1838இல் சட்ட நிரூபண சபைக்குப் போனவர். இலங்கையின் இடங்களை அகரவரிசையில் அடுக்கிய அவருடைய கசெற்றியர் 1834இல் கோட்டையில், கொழும்புக் கோட்டை அல்ல, ஜயவர்தனபுரக் கோட்டையில், மிசன் அச்சகத்தில் அச்சானது. பாருங்கள், அச்சகம் இருந்த ஊரைச் சொல்லவே எனக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் அவரைப் படிப்பிப்பார்கள். எனக்கு அவர் இந்தக் கசெற்றியர்காரர்.

அவர் எழுதிய காலத்தில் புத்தளமும் சிலாபமும் மேல் மாகாணம். 1845இல் வடமேல் மாகாணம் பிறந்தது. அப்போது தலைநகர் புத்தளம். பிறகு அது குருநாகலுக்குப் போய்விட்டது. சிலாபம் தனி மாவட்டமாகவே நெடுங்காலம் இருந்தது. 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைத் திறந்தால் இருபது மாவட்டங்களில் சிலாபம் ஒன்று. 1963இல் திறந்தால் அது இல்லை, புத்தளத்துக்குள் போய்விட்டது. தேவாலயக் கணக்கு வேறு: சிலாபம் மறைமாவட்டம் என்று ஒன்று வந்ததே 1939இல். அரசாங்கம் சிலாபத்தை அழித்தது, திருச்சபை சிலாபத்தின் பெயரில் புத்தளத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே எங்கட ஆக்கள் பூசைக்குச் சிலாபம், வாக்குப் போடப் புத்தளம்.

எல்லை நிலத்தில் மட்டும் நகர்ந்தால் பரவாயில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டு வந்தபோது பெரும்பாலோர் தங்கியது இந்தக் கரையில். பாலாவிப் பக்கம் நாகவில்லுவில் எருக்கலம்பிட்டி என்ற பெயரோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. எருக்கலம்பிட்டியோ மன்னார்த் தீவில். என்னிடம் வரும் பிள்ளைகளின் சொந்த ஊர் மன்னார், பிறந்த இடம் புத்தளம், வாப்பாவின் வாக்கு மன்னாரில், உம்மாவின் பழைய பங்கீட்டு அட்டை புத்தளத்தில். ஐம்பது வருடம் கழித்து இந்தப் பிள்ளைகளின் பேரர்கள் தேடப் போகிற தேடலை நினைத்தால், இப்போதே ஒவ்வொரு பத்திரத்தின் பின்பக்கத்திலும் பென்சிலால் ஒரு வரி எழுதிவிட வேண்டும் போலிருக்கிறது. எழுதக் கூடாது, தெரியும்.

இனி அம்மம்மா. அம்மா சொல்லிக் கேட்டது, அவள் கண்டக்குழியில் பிறந்தவள். 1912 அளவில். கற்பிட்டிப் பக்கத்துப் பதிவுகளில் தேடினேன், இல்லை. ஒரு மாமா, எங்கட அடி தொடுவாய்தான் என்றார். தொடுவாய் மாராவில பக்கம்; அந்தக் காலத்துச் சிலாப மாவட்டம். அங்கேயும் தேடினேன். அதே பெயரில் மூன்று பெண்பிள்ளைகள், மூவருக்கும் தகப்பன் பர்னாந்து, மூவரும் வருணகுலசூரிய. நீர்கொழும்பிலிருந்து கற்பிட்டி வரைக்கும் இந்தக் குலப்பெயரைக் கொண்டு ஆளைப் பிடிப்பது, கடலில் உப்பைக் கொண்டு மீனைப் பிடிப்பது. வேல்சில் ஜோன்ஸ் என்று தேடுகிற மாதிரித்தான் என்று பெறாமகள் ஆறுதல் சொன்னாள்.

உறவினர் ஒருவர் நேரே காஞ்சிபுரத்துக்கே போய்விட்டார். புத்தளத்து முக்குவரோடு சண்டை பிடிக்க ஆறாம் பராக்கிரமபாகு காஞ்சிபுரம், கீழக்கரை, காவேரிப்பட்டினத்திலிருந்து படை வருவித்தான் என்று முக்கர ஹட்டன என்ற சிங்கள ஏடு சொல்கிறது. அந்தப் படையின் வம்சம்தான் நாங்கள் என்றார். இருக்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டைக் கண்டுபிடித்து வைத்திருப்பவருக்கு 1912 கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குச் சிரிப்பு.

வழி காட்டியது தொண்ணூறு தாண்டிய பெரியம்மா. கண் தெரியாது, ஞாபகம் மட்டும் கத்தி. "அம்மா தலவிலத் திருநாளுக்குள்ள பிறந்தவ" என்றா. தலவில அன்னம்மாள் கோயிலுக்கு வருடத்தில் இரண்டு திருநாள். ஒன்று மார்ச்சில், ஒன்று ஜூலை முடிந்து ஓகஸ்டில். எது என்று கேட்டேன். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாடியில பிறந்த பிள்ளை எண்டு சொல்லுறன், பிறகு என்ன எது எண்டு கேக்கிற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தென்மேற்குச் சோளகம் எழும்பினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். தெற்கத்தி ஆட்கள் ஊரோடு கிடப்பார்கள், அல்லது தீவின் மறுபக்கம் போய்விடுவார்கள். ஒக்டோபரில் காற்று மாறி வாடை பிடித்தால் இந்தக் கடல் பாயாகிவிடும். ஏப்ரல் வரைக்கும் தொழில். அப்போதுதான் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துக் குடும்பங்கள் வலை, சட்டி, கோழி, பிள்ளை எல்லாவற்றோடும் வடக்கே வந்து கண்டக்குழியிலும் அதற்கப்பால் தீவுகளிலும் வாடி என்னும் பருவகாலக் குடில்களைப் போடும். ஓகஸ்ட் திருநாள் என்றால் பிள்ளை பிறந்தது தொடுவாயில். வாடியில் பிறந்தது என்றால் மார்ச் திருநாள், கண்டக்குழி. அம்மாவும் பொய் சொல்லவில்லை, மாமாவும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது ஒரே குடும்பத்தின் இரண்டு காற்று. இப்போது என்னிடம் யாராவது மீன்பிடிக் குடும்பத்து முன்னோரைத் தேடி வந்தால் ஊரைக் கேட்க முன் மாதத்தைக் கேட்கிறேன்.

மார்ச்சை வைத்துக்கொண்டு கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு பங்குக்குப் போய்ப் பாதரிடம் அனுமதி கேட்டேன். ஞானஸ்நானப் புத்தகத்தை விரிக்க முன் அவர் மின்விசிறியை நிறுத்தினார். தாள் பொடியாகிப் பறக்குமாம். இராமபாணப் பூச்சி தின்ற ஓட்டைகளுக்கு நடுவில் கோடு கோடாக இலத்தீன் தலைப்பு. அதன் கீழே வெள்ளைக்காரச் சுவாமி ஒருவர் தன் காதுக்கு எட்டிய மாதிரி எழுதிய பெயர்கள். ஒரே பக்கத்தில் நாலு அன்னம்மாள். திருநாளில் பிறந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? தகப்பன் பெயரில் எழுத்து இரண்டு தவறியிருந்தது. அதை வைத்து முடிவு செய்ய முடியவில்லை. முடிவைத் தந்தது ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். இரண்டு பேருக்கும் ஊர் தொடுவாய் என்று எழுதியிருந்தது. கண்டக்குழியில் பிறந்த பிள்ளையை ஏந்திப் பிடிக்கத் தொடுவாயிலிருந்தா ஆள் வரும்? வந்திருக்கவில்லை. பக்கத்து வாடியில் இருந்தார்கள்.

அரசாங்கப் பதிவு கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. 1867இலிருந்து பதிவுச் சட்டம் இருந்தது உண்மை. மார்ச்சில் வாடியில் பிள்ளை பெற்று, ஏப்ரலில் வாடியைப் பிரித்துத் தெற்கே நடக்கிறவள் எந்தப் பதிவுகாரரிடம் போயிருப்பாள்? தமிழில் பேசி, தமிழில் செபித்த அந்தத் தொடுவாய்க் குடும்பத்தின் மற்றக் கிளை இன்று சிங்களத்தில் பேசுகிறது. பள்ளிக்கூடம் மாறியது, மொழி மாறியது. போன வருடம் அவர்களில் ஒருவர் தன் கடதாசியோடு என்னிடமே வந்தார். உறவு என்று தெரியாமல் காசு வாங்கிவிட்டேன்.

புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கார்டிஃபுக்கு அனுப்பினேன். இரவு போன் வந்தது. குழந்தை அழுகிற சத்தம் பின்னால்.

"சின்னம்மா, எல்லாம் எழுதிட்டன். மாவட்டம் எண்டு ஒரு கட்டம் இருக்கு, அதில என்ன போட?"

"எந்தக் காலத்து மாவட்டம் பிள்ளை?"

"அதைக் கேக்கேல்ல. ஒரு கட்டம்தான் இருக்கு."

"சோளகத்தில சிலாபம், வாடையில புத்தளம் எண்டு போடு" என்றேன்.

கட்டத்தில் இடம் போதாதாம்.