பூங்காவின் இருபுறம்

இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகரில் ஸ்டான்லி பூங்கா என்றொரு பசும்பரப்பு உண்டு. அதன் ஒருபுறம் லிவர்பூல் கால்பந்துக் கழகத்தின் ஆன்ஃபீல்டு திடல். மறுபுறம் எவர்டன் ஆடவர் அணி 2025 வரை ஆடிய குடிசன் பார்க். இவ்விரு கழகங்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

1878-இல் புனித தொமிங்கோ மெதடிஸ்டு சிற்றாலயத்து இளைஞர்கள், கிரிக்கெட் ஆட இயலாத குளிர்காலத்திற்கெனக் கால்பந்துக் குழு ஒன்றை அமைத்தனர். மறு ஆண்டே அது எவர்டன் எனப் பெயர் பெற்றது. 1884 முதல் ஆன்ஃபீல்டில் ஆடியது. அங்கே அதன் புரவலர் மது ஆலை அதிபர் ஜான் ஹோல்டிங். வாடகை ஏற ஏற மனக்கசப்பும் ஏறிற்று. 1892-இல், அதே சிற்றாலயத்தில் ஆர்கன் இசைத்த ஜார்ஜ் மேகன் முன்னின்று நடத்த, எவர்டன் கழகத்தார் வெளியேறிக் குடிசன் பார்க்கை அமைத்தனர். வெறுந்திடலோடு நின்ற ஹோல்டிங் புதுக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார், அதுவே லிவர்பூல். எவர்டன் கத்தோலிக்கருடையது, லிவர்பூல் பிற சபையாருடையது என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆயினும் ஒரே வீட்டில் அண்ணன் நீலமும் தம்பி சிவப்பும் அணியும் ஊர் அது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ திடலில் லிவர்பூல் ஆடவிருந்தது. காவல்துறை வெளிவாயில் ஒன்றைத் திறக்கச் செய்ய, உள்ளே பாய்ந்த கூட்டம், ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பியடைப்புகளுக்குள் நசுங்கியது. மறுநாள் மாலை லிவர்பூல் பேராலயத்தில் பேராயர் டெரிக் வொர்லாக் திருப்பலி நிறைவேற்றினார். உள்ளே இடமின்றி ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றனர். அவருடைய உற்ற நண்பரான ஆங்கிலிக்கன் ஆயர் டேவிட் ஷெப்பர்டும் அங்கிருந்தார். (அவர் இங்கிலாந்துக்காக 22 டெஸ்டுகள் ஆடிய கிரிக்கெட் வீரர்!) அடுத்த சனிக்கிழமை, நீலமும் சிவப்புமான கழுத்துத் துணிகள் ஒன்றோடொன்று முடியப்பட்டு, பூங்காவின் குறுக்கே திடலுக்குத் திடல் நீண்டன.

மாண்டவர்மேல் பழியும் விழுந்தது. குடிவெறியில் இரசிகர்களே வாயிலை உடைத்தனர் என்று பொய் பரப்பப்பட்டது. தாய்மாரும் தந்தையரும் ஓயவில்லை. 2012 செப்டம்பர் 12 அன்று, லிவர்பூலின் ஆங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான குழு இரசிகர்கள்மீது குற்றமில்லை என்று உரைத்தது. சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்று நடுவர்கள் தீர்ப்பளிக்க 2016 ஆயிற்று. உயிரிழந்தோர் எண்ணிக்கை 2021-இல் 97 ஆயிற்று.

அக்குழுவின் அறிக்கை வெளியான ஐந்தாம் நாள், எவர்டன் ஆட்டம் தொடங்குமுன், குடிசன் பார்க் திடலில் இரு சிறார் வந்து நின்றனர். ஒருவர் உடை நீலம், மற்றவருடையது சிவப்பு. ஒன்றில் 9, மற்றதில் 6. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.