வாய்க்கால் தாண்டின பசங்களும் லாங் ஜம்ப் வரலாறும்

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஸ்கூல்ல உங்களுக்கு லாங் ஜம்ப் யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு வரிசையில நிக்க வச்சு, ஓடிப் போய்க் குதின்னு சொன்னதெல்லாம் கணக்குல வராது.

திருச்சியில இருந்து கரூர் ரோட்டுல சுமார் 15 கிலோமீட்டர் போனா ஜீயபுரம். பங்குனியில ஸ்ரீரங்கம் நம்பெருமாள் வந்து, பழைய சோறும் மாவடுவும் சாப்பிட்டதா கதை சொல்ற ஊர். காவிரி, உய்யக்கொண்டான் வாய்க்கால், நடுவுல வயல். இந்த மாதிரி ஊர்ல வளர்ற பசங்க வரப்பையும் வாய்க்காலையும் தாண்டித்தான் வளர்றாங்க. பச்சைக்குதிரை வேற இருக்கு. அப்படின்னா தாண்டுறது எப்போ பாடமா மாறுச்சு?

அதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணும். ஷ்னெப்ஃபென்டால்ங்கிற ஊர்ப் பள்ளியில வாத்தியாரா இருந்தவர் குட்ஸ்மூட்ஸ். 1793-ல இளைஞர்களுக்கான உடற்பயிற்சி பத்தி ஒரு புத்தகம் எழுதினார். ஓட்டம், தாண்டுதல், மல்யுத்தம் எல்லாத்தையும் படிப்படியா சொல்லித் தரலாம்ங்கிறதுதான் அவரோட வாதம். நூறு வருஷம் கழிச்சு, 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல நீளம் தாண்டுதல் ஒரு போட்டியாவே வந்துடுச்சு. 1900-ல இருந்து 1912 வரைக்கும், ஓடாம நின்ன இடத்துல இருந்தே தாண்டுற போட்டியும் தனியா நடந்துச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

நம்ம ஊர்ப் பள்ளிகள்ல அப்போ உடற்பயிற்சின்னா டிரில்தான். வரிசையா நிக்கணும், கை தூக்கணும், மார்ச் பண்ணணும். 'டிரில் மாஸ்டர்'ங்கிற பேர் அங்க இருந்து வந்ததுதான்.

இதை மாத்தினவர் ஹாரி குரோ பக், அமெரிக்கர். 1920-ல மெட்ராஸ்ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி கல்லூரியை ஆரம்பிச்சார். முதல் பேட்ச்ல 5 பேர். விளையாட்டு சொல்லித் தர்றவருக்கும் முறையான பயிற்சி வேணும்ங்கிற எண்ணம் இங்க வேர் பிடிச்சது அப்படித்தான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜரும் அவரே. அந்த அணியில நீளம் தாண்டினவர் தலீப் சிங். தடை ஓட்டத்துல ஓடினவர் நம்ம மெட்ராஸ் சி.கே.லட்சுமணன். 1943-ல பக் இறந்ததும் மெட்ராஸ்லதான்.

சரி, நூறு வருஷம் ஓடிடுச்சு. அந்தப் பயிற்சி ஆறு வயசுக் குழந்தைகிட்ட வந்து சேர்ந்துச்சா? இங்கதான் சிக்கல்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையை எடுத்துப் பாருங்க. எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேணும்னு சொல்லுது. விளையாட்டுப் பொருளும் வேணும். ஆனா உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் 6-ல இருந்து 8-ம் வகுப்பு வரைதான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல இருந்தா. தமிழ்நாட்டுல 2012-ல உடற்கல்வி, ஓவியம், இசை மாதிரி பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டாங்க. ஆரம்பச் சம்பளம் மாசம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவங்க பல வருஷமா போராடினது தனிக் கதை. ஒன்னாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும்? தமிழும் கணக்கும் எடுக்குற அதே டீச்சர்தான் பி.டி. பீரியடையும் பாத்துக்கணும். மைதானத்தைக் கேக்குற சட்டம், அதுல நின்னு சொல்லித் தர்ற ஆளைக் கேக்கல.

இது ஏன் முக்கியம்னா, லாங் ஜம்ப்போட அடிப்படை சின்ன வயசு விஷயம். ஒத்தைக் கால்ல எம்பணும், ரெண்டு கால்லயும் இறங்கணும், இறங்கும்போது முட்டி மடங்கணும். முட்டியை விறைப்பா வச்சு இறங்கப் பழகின பிள்ளைக்கு அடி படும். அப்புறம் அது விளையாட்டு பக்கமே வராது.

நல்ல செய்தி என்னன்னா, இதுக்குப் பெருசா செலவு இல்ல. முதல்ல ஓட்டமே வேண்டாம். 1912-ல கைவிட்ட அந்த நின்ன இடத்துத் தாண்டல்தான் முதல் பாடம். அடுத்தது தரையில ரெண்டு கோடு போட்டு, அதுதான் வாய்க்கால்னு சொல்லித் தாண்ட விடுறது. கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமா அகலமாக்கலாம். மூணாவதா அஞ்சு, ஆறு எட்டு ஓடி வந்து எம்புறது. அதுக்குத்தான் மணல் குழி. அதையும் ஒவ்வொரு தடவையும் மண்வெட்டியால கிளறி விடணும், இல்லன்னா இறுகிடும்.

உலகத் தடகளச் சங்கம் சின்னப் பசங்களுக்குன்னு கொண்டு வந்த திட்டத்துல ஒரு அழகான ஆட்டம் இருக்கு, தவளைத் தாண்டல். முதல் ஆள் தாண்டி இறங்குன இடத்துல இருந்து அடுத்த ஆள் தாண்டணும். கடைசியில டீமோட மொத்தத் தூரத்தைத்தான் அளப்பாங்க. குண்டா இருக்குற பிள்ளை தாண்டுற ரெண்டு அடியும் அந்தக் கணக்குல சேரும். யாரும் வெளிய உக்காந்து வேடிக்கை பாக்க வேண்டாம்.

தூத்துக்குடி மாவட்டம் முதலூர்ல இருந்து வந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்ல 8.42 மீட்டர் தாண்டி தேசியச் சாதனை வச்சார். அந்த மாதிரி ஒருத்தர் வந்தா நாம எல்லாரும் கைதட்டுவோம். ஆனா பக் நூறு வருஷம் முன்னாடி கட்ட ஆரம்பிச்சது எல்லாப் பிள்ளைக்குமான ஒரு பாடம். அது இன்னும் தொடக்கப் பள்ளி வாசல்லயே நிக்குது.

உங்க தொடக்கப் பள்ளியில மணல் குழி இருந்துச்சா? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.